டெஸ்லாவும் ஒரு தஞ்சாவூர் லேத் பட்டறையும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது கல்லூரி நினைவுகளைத்தான் எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், கல்லணை வரைக்கும் சைக்கிள் மிதித்தது, மெஷின்ஸ் லேபில் ரெக்கார்டு நோட்டை மறந்துவிட்டு நின்றது இதையெல்லாம் நண்பர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். நான் எழுத வந்தது நிகோலா டெஸ்லாவைப் பற்றி. இன்டக்‌ஷன் மோட்டார் பாடத்தின் முதல் பாராவில் ஒரே ஒரு வரியில் தலைகாட்டிவிட்டுப் போவாரே, அவர்தான். பரீட்சைக்கு அவர் எனக்குத் தேவைப்படவில்லை. பாஸ் பண்ணி பல வருஷம் கழித்து, அடுத்தவர் காசில் வாங்கிய மோட்டார் ஒன்றை எரித்த பிறகுதான் தேவைப்பட்டார்.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு லேத் பட்டறை. ரைஸ் மில் ஷாஃப்ட், போர் மோட்டார் ஷாஃப்ட், அறுவடை மெஷின் உதிரி பாகங்கள் என்று டெல்டா விவசாயத்தை நம்பி நடக்கிற பட்டறை. ஓனர் கடன் வாங்கி, அமெரிக்காவில் செய்த பழைய லேத் ஒன்றை இறக்கினார். கெட்டியான மெஷின், படுக்கையில் தேய்மானமே இல்லை. கனெக்‌ஷன் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். நான் நம் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்தவன் என்பது ஒன்றுதான் காரணம். குறுவை அறுவடை நெருங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு அவசரம்.

மோட்டார் நேம்பிளேட்டைப் பார்த்தேன். 5 குதிரைத்திறன், 3 பேஸ், 220 வோல்ட். நம்மூர் 3 பேஸ் லைன் 415 வோல்ட். இது என்ன பெரிய விஷயம் என்று 415-ஐ 220 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுத்தேன். அதற்கு அடுத்த வரியில் 60 சைக்கிள் என்று இருந்ததையும் பார்த்தேன். நம்மூர் 50. வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

சுவிட்ச் போட்டதும் ஓடியது. ஆனால் அங்கே வயரிங் பார்த்த ஒயர்மேன் அண்ணன் முகம் சுளித்தார். மோட்டார் உறுமுகிற சத்தம் சரியில்லை என்றார். டங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தால் லோடே இல்லாமல் நேம்பிளேட் ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஓவர்லோடு ரிலே ரெண்டு தடவை விழுந்தது. பழைய மெஷின், பேரிங் இறுக்கமாக இருக்கும் என்று அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, ரிலே செட்டிங்கை நானே என் கையால் ஏற்றி வைத்தேன். மறுநாள் மத்தியானம் வைண்டிங் புகைந்து போயிற்று. பத்தாவது படித்த மனிதர் காதால் கேட்டதை, பட்டம் வாங்கிய நான் கண்ணால் மீட்டரில் பார்த்தும் நம்பவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த 60 எங்கிருந்து வந்தது, நம்முடைய 50 எங்கிருந்து வந்தது என்று தேடப்போய்த்தான் டெஸ்லாவிடம் வந்து சேர்ந்தேன்.

டெஸ்லா 1856 ஜூலை 10 அன்று ஸ்மிலியன் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரியப் பேரரசு, இன்று குரோஷியா நாடு. தந்தை செர்பியக் கிறிஸ்தவப் பாதிரியார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கைத்திறன் உண்டு. மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். இளம் வயதில் காலராவில் படுத்து உயிருக்குப் போராடியபோதுதான், பிழைத்தால் என்ஜினீயரிங் படிக்க அனுப்புகிறேன் என்று தந்தை இறங்கி வந்தாராம்.

1875-ல் கிராஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் பொய்ஷ்ல் வகுப்பில் ஒரு கிராம் டைனமோவை மோட்டாராக ஓட்டிக் காட்டினார். டி.சி. மெஷின், கம்யூட்டேட்டரில் பிரஷ் உரசி நெருப்புப் பொறி பறந்தது. இந்தப் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் இல்லாமலே மோட்டார் ஓட்ட முடியாதா என்று மாணவர் டெஸ்லா கேட்டார். அது நடக்கவே நடக்காது என்று பேராசிரியர் அந்த வகுப்பு முழுவதையும் அதற்கே செலவழித்து விளக்கினார். பையன் வாய் மூடிக்கொண்டாலும் கேள்வி மூடவில்லை. இந்நாள் மாணவர்களுக்கு இன்னொரு தகவல்: டெஸ்லா பட்டம் வாங்கவே இல்லை. சீட்டாட்டத்தில் விழுந்து, பணத்தையும் படிப்பையும் தொலைத்தார். இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்!

1882-ல் புடாபெஸ்ட் நகரில் டெலிபோன் வேலையில் இருந்தபோது, ஒரு மாலை நண்பர் சிகெட்டியுடன் பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். அப்போதுதான் விடை கிடைத்தது. ஒன்றுக்கொன்று முன்பின்னாக வரும் ஏ.சி. மின்னோட்டங்களைத் தனித்தனிக் காயில்களில் விட்டால், காயில் அசையாமலே காந்தப்புலம் சுற்றும். அந்தச் சுழலும் புலம் உள்ளே இருக்கும் ரோட்டரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பிரஷ் வேண்டாம், பொறி வேண்டாம். அங்கேயே குச்சியால் மண்ணில் படம் போட்டு நண்பருக்குக் காட்டினார் என்பார்கள். இன்றைக்கு நம் டெல்டாவில் ஓடும் 3 பேஸ் பம்புசெட் ஒவ்வொன்றிலும் சுற்றுவது மண்ணில் போட்ட அந்தப் படம்தான்.

பிறகு பாரிஸில் எடிசனின் ஐரோப்பியக் கம்பெனியில் வேலை. ஸ்ட்ராஸ்பர்க் ரயில் நிலையத்துக்குக் கம்பெனி கொடுத்திருந்த மின்விளக்குச் சாதனத்தில் வயரிங் கோளாறு. திறப்பு விழாவில் ஜெர்மன் பேரரசர் முன்னிலையிலேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சுவரில் ஒரு பகுதி விழுந்துவிட்டது. ஜெர்மன் மொழி தெரிந்தவர் என்பதால் அதைச் சரிசெய்ய டெஸ்லாவை 1883-ல் அனுப்பினார்கள். வெளியூர்ச் சாதனத்தை உள்ளூரில் கோர்க்கும் தலைவலியை அவர் அங்கேயே பார்த்துவிட்டார். ஓய்வு நேரத்தில் தன்னுடைய முதல் இன்டக்‌ஷன் மோட்டாரைச் செய்து ஓட்டியதும் அந்த ஊரில்தான்.

1884-ல் நியூயார்க் போய் இறங்கினார். எடிசனிடம் சில மாதங்கள் வேலை, பிறகு பணத்தகராறில் விலகல். சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார், கூட்டாளிகள் அவரை வெளியே தள்ளிவிட்டார்கள். 1886, 87-ல் நாளுக்கு ரெண்டு டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார். சுழலும் காந்தப்புலத்தை மனதில் வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடித்த அந்த மனிதரை நினைத்தால், முதல் வேலை கிடைக்காத நம் ஜூனியர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

பிறகு காலம் திரும்பியது. புதிய கூட்டாளிகள் ஆய்வுக்கூடம் வைத்துக் கொடுத்தார்கள். 1888 மே 1 அன்று மோட்டார் பேட்டன்ட்டுகள் கிடைத்தன. மே 16 அன்று அமெரிக்க எலெக்ட்ரிகல் என்ஜினீயர்கள் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். ஜூலையில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அந்த உரிமைகளை வாங்கிக்கொண்டு, டெஸ்லாவைப் பிட்ஸ்பர்க் தொழிற்சாலைக்கு ஆலோசகராக அழைத்தார்.

இங்கேதான் என் லேத் பட்டறைக் கதை வருகிறது.

வெஸ்டிங்ஹவுஸ் ஏற்கெனவே பல ஊர்களுக்கு ஏ.சி. சப்ளை கொடுத்துக்கொண்டிருந்தார். அது விளக்கு எரிப்பதற்கான சப்ளை. சிங்கிள் பேஸ், நொடிக்கு சுமார் 133 சைக்கிள். சைக்கிள் அதிகமானால் டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாகச் செய்யலாம், விளக்கும் மினுக்காது. ஆனால் டெஸ்லாவின் மோட்டாருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பேஸ் வேண்டும், 60-ஐ ஒட்டிய குறைந்த சைக்கிள் வேண்டும். கம்பெனி என்ஜினீயர்களுக்கோ, போட்ட லைனை மாற்ற மனசில்லை. மோட்டாரை சப்ளைக்குத் தகுந்தாற்போல் மாற்றுங்கள் என்றார்கள். டெஸ்லா ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே மாரடித்தார். காயிலை மாற்றினார், கம்பியைக் குறைத்தார், சிங்கிள் பேஸிலேயே ஓட்ட வழி தேடினார். விற்பனைக்கு ஏற்ற மோட்டார் அமையவில்லை. 1889-ல் சலிப்போடு நியூயார்க் திரும்பிவிட்டார்.

சுழலும் காந்தப்புலத்தையே கண்டுபிடித்தவரின் மோட்டார், பொருந்தாத சப்ளையில் தோற்றது என்றால், நான் எந்த மூலைக்கு?

காரணத்தை நம்மூர் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். வயலுக்கு முறை வைத்து மடை திறக்கிறோம். வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் மட்டம்தான் வோல்டேஜ். மடை திறந்திருக்கும் நேரம், ஒரு சைக்கிளுக்குக் கிடைக்கும் நேரம். உள்ளே பாய்கிற தண்ணீர் காந்தப்புலம். வயலைச் சுற்றியுள்ள வரப்பு, மோட்டாரின் இரும்பு. 60 சைக்கிள் என்றால் மடை சீக்கிரம் சீக்கிரம் மூடும், 50 என்றால் ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் திறந்திருக்கும். வாய்க்கால் மட்டம் அதேதான் என்றால் இருபது சதவீதம் தண்ணீர் அதிகம் பாயும். வரப்பு உடையும். நான் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 220 வோல்ட்டைச் சரியாகக் கொடுத்தேன். ஆனால் 60-க்குச் செய்த அந்த மோட்டாருக்கு 50 சைக்கிளில் 183 வோல்ட்தான் கொடுத்திருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர சைக்கிளை மாற்றாது. இரும்பு நிறைந்து, காந்தப்புலத்துக்கென்று இழுக்கும் கரன்ட் எகிறி, காயில் சூடேறியது. அண்ணன் கேட்ட உறுமல் அந்த வரப்பு உடையும் சத்தம்தான். பிட்ஸ்பர்க்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே மடை மிகச் சீக்கிரம் மூடியது, தண்ணீர் போதாமல் மோட்டாருக்கு இழுவை வரவில்லை.

கடைசியில் அமெரிக்காவில் இறங்கி வந்தது மோட்டார் அல்ல, சப்ளைதான். டெஸ்லா போன பிறகு வெஸ்டிங்ஹவுஸ் என்ஜினீயர்கள் யோசித்து, விளக்குக்கும் மோட்டாருக்கும் பொதுவாக 60 சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார்கள். சார்லஸ் ஸ்காட், பெஞ்சமின் லாம் போன்றவர்கள் டெஸ்லா மோட்டாரைக் கடைக்கு வரும் சரக்காக்கினார்கள். அதே சமயம் ஜெர்மனியில் ஏ.இ.ஜி. கம்பெனியின் டொலிவோ-டொப்ரோவால்ஸ்கி 3 பேஸ் மோட்டாரைத் தனியாக வளர்த்தெடுத்தார். 1891-ல் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் 3 பேஸ் மின்சாரம் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஏ.இ.ஜி. பிறகு 50-ஐப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவும் அப்படியே. ஜப்பானில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கியது, ஓசாகா அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கியது. ஒரே நாட்டில் கிழக்கே 50, மேற்கே 60 என்று இன்றைக்கும் இருக்கிறது. நம் ரைஸ் மில்களுக்கு வருகிற ஜப்பான் மெஷினில் 50/60 என்று ரெண்டும் போட்டிருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் போட்டிருந்தால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

டெஸ்லாவின் பெரிய வெற்றி நயாகரா அருவியில் வந்தது. 1895-ல் அங்கே ஏ.சி. மின்சாரம் உற்பத்தியாகி, 1896 நவம்பரில் பஃபலோ நகரத்தைச் சேர்ந்தது. அங்கே சைக்கிள் 25. டர்பைனின் வேகம் நிமிஷத்துக்கு 250 சுற்று என்று முன்பே முடிவாகிவிட்டதால், அதற்கு ஒத்துப்போகிற 12 துருவ ஜெனரேட்டரைப் போட்டு 25-ல் சமரசம் செய்துகொண்டார்கள்.

அந்த 25 நம் காவிரிக்கும் வந்தது. மைசூர் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, அவர் 1901-ல் மறைந்த பிறகு 1902-ல் ஓடத் தொடங்கிய சிவசமுத்திரம் மின்நிலையத்துக்கு, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து ஜெனரேட்டர்கள் கப்பலேறி வந்தன. சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு 25 சைக்கிளில் மின்சாரம் போயிற்று. அங்கே லைனும் புதிது, மோட்டாரும் புதிது என்பதால் ரெண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தி வாங்க முடிந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, 1937-ல் அங்கே மின்நிலையம் வந்து, திருச்சி, தஞ்சைப் பக்கம் வந்த மின்சாரம் 50 சைக்கிள். ஒரே காவிரி, மேலே 25, கீழே 50. அன்றைக்குச் சுரங்கத்திலிருந்து பழைய மோட்டார் ஒன்றை வாங்கி வந்து யாராவது தஞ்சாவூரில் மாட்டியிருந்தால் என் கதைதான்!

டெஸ்லாவுக்கும் நம் பக்கத்துக்கும் இன்னொரு மெல்லிய தொடர்பும் உண்டு. 1893-ல் சிகாகோ கண்காட்சி வெஸ்டிங்ஹவுஸ் ஏ.சி. விளக்குகளில் ஜொலித்தபோது, டெஸ்லாவின் மோட்டார்களும் அங்கே காட்சிக்கு இருந்தன. அதே வருஷம் அதே ஊரில் சர்வசமயப் பேரவையில் பேசியவர் சுவாமி விவேகானந்தர். இருவரும் 1896-ல் நியூயார்க்கில் சந்தித்தார்கள். அடுத்த வருஷம் நாடு திரும்பிய சுவாமி நம் கும்பகோணத்துக்கு வந்து சொற்பொழிவு ஆற்றினார். டெஸ்லாவோடு பேசியவர் நம் காவிரிக் கரையில் நின்றிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பின்னாள் வாழ்க்கை சந்தோஷமானதல்ல. 1895-ல் நியூயார்க் ஆய்வுக்கூடம் தீப்பிடித்து எல்லாம் சாம்பல். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி பண நெருக்கடியில் தவித்தபோது, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று தனக்கு வரவேண்டிய ராயல்டியை டெஸ்லா விட்டுக்கொடுத்தார். கம்பியில்லாமல் உலகம் முழுக்கச் செய்தியும் மின்சாரமும் அனுப்பலாம் என்று 1901-ல் லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கிய கோபுரம், பணம் போட்டவர் கை விரித்ததும் பாதியில் நின்று, 1917-ல் இடிக்கப்பட்டது. கடைசிக் காலம் ஹோட்டல் ஹோட்டலாக மாறி, பில் பாக்கி வைத்து, புறாக்களுக்குத் தீனி போட்டுக் கழிந்தது. 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மாதம் 125 டாலரும் அறை வாடகையும் கொடுத்துத் தாங்கியது. 1943 ஜனவரி 7 அன்று, 86-வது வயதில், நியூயார்க்கர் ஹோட்டல் அறையில் தனியாக இறந்துபோனார். 1960-ல் காந்தப்புலச் செறிவின் அலகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். என் மோட்டாரில் அளவு மீறி வழிந்ததும் அந்த டெஸ்லாவில் அளக்கும் பொருள்தான்!

பட்டறைக் கதையை முடிக்க வேண்டுமே. மறுநாள் காலை ஓனரிடம் போய், தப்பு என்னுடையது, மெஷின் மேல் குற்றமில்லை, அண்ணன் சொன்னதை நான் கேட்கவில்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டீ வாங்கிவரச் சொன்னார். மூவரும் உட்கார்ந்து பேசினோம். நம்மால் ஈ.பி. லைனை மாற்ற முடியாது, மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். வி.எஃப்.டி. என்கிற டிரைவ் வைத்தால் 50-ஐ டி.சி. ஆக்கி 60 சைக்கிளாகவே திருப்பிக் கொடுக்கும், ஆனால் அப்போதைக்குக் கையில் காசில்லை. எப்படியும் காயில் எரிந்துவிட்டது, அதை 415 வோல்ட், 50 சைக்கிளுக்குக் கணக்குப் போட்டே ரீவைண்டிங் செய்துவிடலாம் என்றார் அண்ணன். அப்படியே செய்தோம். வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைவதற்கு, மோட்டார் புல்லியை ஆறுக்கு ஐந்து விகிதத்தில் பெரிதாகக் கடைந்து போட்டோம். 5 குதிரைத்திறன் நாலு சொச்சம் ஆனது, அதனால் ஆழமாக வெட்டும் வேலையில் மட்டும் கொஞ்சம் நிதானம். ரீவைண்டிங் செலவை முழுதாகக் கொடுக்கப் போனேன், ஓனர் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

லேத் இன்றைக்கும் ஓடுகிறது. நான் வாங்கிக் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர் பட்டறை மூலையில் ஆயில் டின் வைக்கும் மேடையாக இருக்கிறது. போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சீனியராக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நேம்பிளேட்டில் வோல்டேஜோடு நிறுத்தாமல் சைக்கிள், பேஸ், ஆம்பியர் எல்லாவற்றையும் படியுங்கள். ரிலே விழுந்தால் ஏன் என்று கேளுங்கள், செட்டிங்கை ஏற்றாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஒயர்மேன் சத்தம் சரியில்லை என்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். சங்கக் கூட்டத்துக்கு வரும் பழைய நண்பர்கள் நேரமிருந்தால் என்னோடு பட்டறைக்கு வரலாம். அண்ணன் கையால் கோர்த்த அந்த மோட்டார் சத்தமில்லாமல் ஓடுவதைக் காட்டுகிறேன்.